மூன்றாவது ஏழு

வெட்கப்படுவது பூட்டுக்காரிக்குப் பழக்கமில்லாத வேலை. தெருவில் கால் இடறினால்கூடத் தெருவைத்தான் முறைப்பாள். தப்பு எப்போதும் வேறெங்கோதான் இருக்கும் என்பது அவள் பிறவி நம்பிக்கை. அதனால்தானோ என்னவோ, வெட்கம் என்று ஒன்று வந்தபோது அது சில்லறையாக வராமல் மொத்தமாக வந்து சேர்ந்தது.

பூட்டுக்காரி என்ற பெயர் பட்டறை கொடுத்தது. வாசற்கதவுகளுக்கு எண் பூட்டுச் செய்து விற்கிற சின்னப் பட்டறை அது. முன்னறையில் முதலாளியின் மேஜை. பின்னறையில் ஈயம் பற்றவைக்கிறவரும் அவருடைய புகையும். இரண்டுக்கும் நடுவே ஜன்னலே இல்லாத ஒரு தடுப்புக்குள் இவள். பொருத்துகிறவர் ஒருவர் உண்டு. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு எந்நேரமும் ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பார். பூட்டுப் பெட்டிக்குள் போகிற புரோகிராமை எழுதுவது இவள் பாடு. யாராவது என்ன வேலை என்று கேட்டால், "பெட்டிக்குப் புத்தி சொல்ற வேலை" என்பாள்.

அந்தப் புத்தி பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கதவோரம் ஓர் எண் பலகை. பொத்தானை அழுத்தினால் ஓர் எழுத்து கம்பி வழியாக உள்ளே இருக்கும் பெட்டிக்கு வரும். நமக்குத்தான் அது எண், பெட்டிக்கு எல்லாமே எழுத்து. இதுதான் ஆரம்பம், இத்தோடு முடிந்தது என்று சொல்லத் தனிப் பொத்தான் கிடையாது. அது முதலாளியின் சிக்கனம். ஆகவே எழுத்துகள் குழாய்த் தண்ணீர் போல வந்துகொண்டே இருக்கும். அதற்குள் சரியான நாலு எழுத்து சரியான வரிசையில் வருகிறதா என்று பெட்டி காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் எழுத்து வந்ததா, ஒரு விரலை மடக்கு. அடுத்தது வந்ததா, இன்னொரு விரல். நடுவில் பிசகினால் எல்லா விரலையும் நீட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கு. இந்த மட்டும் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். இவள் ஒரு படி மேலே போனாள். பிசகாக வந்த எழுத்தே புது முயற்சியின் முதல் எழுத்தாக இருக்கலாம் அல்லவா? அதைத் தள்ளிவிடும் முன், 'நீ முதல் எழுத்தா?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளும்படி எழுதிவைத்தாள். அந்த ஒரு வரிக்காகத் தன் முதுகைத் தானே எத்தனையோ முறை தட்டிக்கொண்டிருக்கிறாள்.

வாங்கிப்போனவர்கள் கதவு திறக்கவில்லை என்று போன் செய்தால் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் ஒன்றேதான். "பெட்டி சரியாத்தான் இருக்கும். நீங்க எப்படி அழுத்துனீங்க?"

பொருத்துகிறவர் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "பூட்டுக்காரி கோர்ட்டுல மனுஷனுக்கு ஜாமீனே கிடையாது" என்பார். அதையும் அவள் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

அவள் இருந்த வீடு மாமனாருடையது. டவுன் பஸ் ஓட்டிய சம்பளத்தில், இந்த வருஷம் ஒரு சுவர், அடுத்த வருஷம் ஒரு கூரை என்று அவர் கட்டிய வீடு. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு கீழ் அறையில் அவர், மாடியில் மகனும் மருமகளும். அவளுக்கும் அவருக்கும் முதலிலிருந்தே ஒத்துப்போகும். அவர் அவளைக் கேலி செய்வார், அவள் திருப்பிக் கொடுப்பாள், நடுவில் மகன் திருதிருவென்று விழிப்பான். குழந்தை பிறந்து அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது ஆளாளுக்கு முகத்தைச் சுளித்தார்கள். கணவன்கூட, "கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமே" என்று இழுத்தான். பெரியவர்தான் ஒரே போடாகப் போட்டார்.

"அவ போகட்டும்டா. குட்டிய நான் பாத்துக்கறேன். பஸ் நெறைய ஜனத்த ஏத்தி எறக்கினவன், ஒரு குட்டிய ஏத்தி எறக்க மாட்டேனா?"

சொன்னபடி செய்தார். குட்டி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவளைக் கூட்டி வருவதுதான் அவருடைய நாளின் முக்கிய வேலை. மத்தியானம் முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலை வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி புறப்படுவார். பள்ளி விட இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும். வாசலில் முதல் ஆளாக நிற்பதில் அவருக்கு ஒரு கௌரவம். திரும்பி வரும்போது தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டே வருவது தெருமுனையிலேயே கேட்கும்.

பெட்டியை விற்பனைக்கு விடும் முன் பூட்டுக்காரி தன் வீட்டு வாசலில்தான் பொருத்திப் பார்த்தாள். என்ன எண் வைக்கலாம் என்று கேட்டதற்குப் பெரியவர் யோசிக்கவே இல்லை. அவர் அதிக வருஷம் ஓட்டிய பஸ்ஸின் எண் அது. "ஏழு ஏழு ரெண்டு அஞ்சு" என்றார். "இத மறந்தேன்னா நான் போயிட்டேன்னு வெச்சுக்கோங்க."

எல்லாரும் சிரித்தார்கள். குட்டிக்குப் புரியாவிட்டாலும் அவளும் சிரித்தாள்.

சில மாதம் கழித்து ஒருநாள், "கதவு எனக்குத் தெறக்கலம்மா இன்னைக்கு, குட்டி அழுத்தினப்புறந்தான் தெறந்துச்சு" என்றார். இன்னொரு நாளும் அப்படியே சொன்னார். அவள் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "பஸ் நம்பரத்தான்மா அழுத்தினேன்" என்றார். அவள் கீழே இறங்கிப்போய் அழுத்தினாள். கதவு வாயைப் பிளந்தது. கணவன் அழுத்தினான், திறந்தது. அன்று மாலை அவரே அழுத்தினார், அப்போதும் திறந்தது. மாலையில் திறக்கிறது, மத்தியானத்தில் மக்கர் செய்கிறது. பெட்டிக்கு ஏது மத்தியானமும் மாலையும்? மனுஷனுக்குத்தான் அதெல்லாம் உண்டு என்று அவள் முடிவுகட்டினாள்.

ஒரு விடுமுறை நாளில் கடைக்குப் போய் வந்த அவர் கதவோரம் நிற்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். எப்போது வந்தார் என்று தெரியவில்லை; அவள் எட்டிப் பார்த்தபோது ஏற்கெனவே தோற்றுப்போய் நின்றிருந்தார். விரல் பலகைமேல் தடுமாறியது. ஏழு, ஏழு, ஐந்து, இரண்டு. பிறகு ஏழு, இரண்டு, ஏழு, ஐந்து. உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு மறுபடி வேறொன்று. அவள் கண்ணாரப் பார்த்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்று இரவு கணவனிடம் சொன்னாள். "உங்கப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சுங்க. அவர் வண்டி நம்பரே அவருக்கு வரல."

அடுத்த வாரமே அது நடந்தது. பட்டறையில் இருந்தவளுக்கு எதிர்வீட்டுக்காரம்மா போன் செய்தாள். மாமனாரும் குழந்தையும் வாசலில் வெயிலில் நிற்கிறார்கள், குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வருகிறது, வீட்டுக்குள் அழைத்து வந்து உட்கார வைத்திருக்கிறேன் என்றாள். இவள் அலறி அடித்துக்கொண்டு ஓடினாள். குட்டி எதிர்வீட்டு நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெரியவர் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்பர் வரலம்மா" என்றார்.

"உங்க பஸ் நம்பர் மாமா! அதுகூடவா வரல? கொழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

எதிர்வீட்டுக்காரம்மாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் எடுத்து வரும் சாக்கில் உள்ளே போய்விட்டாள். குட்டிதான், "தாத்தா கரெக்டா அழுத்துனாரும்மா" என்றாள். "நீ சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தாள் பூட்டுக்காரி.

பூட்டுக்காரி கூட்டிப்போன டாக்டர் அவரிடம் என்ன கிழமை, என்ன மாதம், நூறிலிருந்து பின்னாலே எண்ணுங்கள் என்றெல்லாம் கேட்டார். அவர் பரீட்சை எழுதுகிற பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். டாக்டர், "பெரிசா ஒண்ணும் தெரியலயே" என்று இவளைப் பார்த்தார். அப்போது வாதாடியது இவள்தான். வண்டி எண்ணை மறந்ததையும், தன் கண்ணால் பார்த்ததையும், மாலையில் ஞாபகம் இருந்து மத்தியானத்தில் இல்லாமல் போவதையும் விலாவாரியாகச் சொன்னாள். ஆரம்பத்தில் இது வந்து வந்து போகும்தான் என்று டாக்டர் ஒப்புக்கொண்டு மாத்திரை எழுதினார். திரும்பும் வழியில் பெரியவரே சொன்னார்.

"குட்டிய கூட்டிட்டு வர வேலைய நானே விட்டுடறேன்மா. வேன் ஏதாவது பேசிடுங்க. டிரைவருக்கு எப்போ வண்டிய ஓரம் கட்டணும்னு தெரியணும்."

அதைச் சொல்லும்போது குரல் பிசிறவில்லை. தானாக எடுத்த முடிவு என்பதில் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது.

அதன் பிறகு வீடு மாறிவிட்டது. அவர் எதைச் சொன்னாலும் மகன் ஒருமுறை மருமகளைப் பார்த்து உறுதி செய்துகொள்வான். காது நன்றாகக் கேட்கிற மனிதரிடம் எல்லாரும் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்கள். அடுப்பை அணைத்துவிட்டேனா என்று அவரே நாலுமுறை எழுந்து போய்ப் பார்த்தார். மாத்திரை அவரைப் பகலெல்லாம் தூங்கவைத்தது. வாய் உலர்ந்துபோகிறது என்று தண்ணீர்ச் செம்பும் கையுமாக உட்கார்ந்திருப்பார். மத்தியானம் வேன் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வந்து கதவை உள்ளிருந்து திறந்துவிடுவார். பூட்டுக்காரியைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அவள் அதைக்கூட நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இப்படியிருக்கும்போதுதான் மருந்துக்கடையிலிருந்து புகார் வந்தது. கடையின் பின்பக்கச் சரக்கறைக்கு இவர்கள் பெட்டிதான். நினைத்தால் திறக்கிறது, நினைத்தால் முரண்டு பிடிக்கிறது என்றார்கள். பொருத்துகிறவர் போய்ப் பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டார். மறுபடி புகார் வர, நானே போகிறேன் என்று பூட்டுக்காரி கிளம்பினாள், வாயில் அதே கேள்வியோடு.

கடையில் இருந்தவளுக்கு இவள் வயதுதான் இருக்கும். மருந்துச் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கைநீட்டி மாத்திரை அட்டையை உருவுகிற ஆள்.

"எப்படி அழுத்துனேனா? எனக்கென்ன மறதியா மேடம்? இந்தக் கடையில எது எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டு எடுப்பேன். நாலு நம்பர் மறந்துடுவேனா?"

"கோவிச்சுக்காதீங்க. ஒருதடவ அழுத்திக் காட்டுங்க."

அவள் போய் நின்றாள். நாலு என்ற பொத்தானை லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். 'கீக்' என்றது. பிறகு நிதானமாக நாலு, நாலு, ஒன்று, ஒன்பது. கதவு அசையவில்லை.

"மொதல்ல எதுக்கு ஒரு தட்டு?"

"பலக முழிச்சிருக்கான்னு பாக்கத்தான். இந்த வெளிச்சத்துல அதோட லைட்டு எரியுதா இல்லையான்னே தெரியறதில்ல. எப்படியும் வெரல் வெக்கப்போற பொத்தான்தானே, ஒரு தட்டுத் தட்டி சத்தம் வந்ததும் அழுத்துவேன்."

பூட்டுக்காரிக்கு மாமனார் ஞாபகம் வந்தது. பஸ்ஸை எடுக்கும் முன் ஹாரனை லேசாக ஒரு தொடு தொடுவது அவருடைய பழக்கம். வாசலிலும் அப்படித்தான், வெயிலில் கண் கூசும்போது ஏழில் ஒரு தட்டு, 'கீக்', பிறகு எண். மாலையில் பலகையின் விளக்கு பளிச்சென்று தெரிவதால் தட்ட வேண்டிய அவசியமில்லை. இத்தனை நாள் அந்தத் தட்டு அவள் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. அதை ஓர் எழுத்தாக அவள் எண்ணவே இல்லை. பெட்டி எண்ணியது.

கடைக்கு வெளியே வந்து வண்டியின்மேல் சாய்ந்துகொண்டு விரல் விட்டுப் பார்த்தாள். ஒரு ஏழு, ஒரு விரல். இன்னொரு ஏழு, இரண்டு விரல். அடுத்து பெட்டி இரண்டை எதிர்பார்க்கிறது. வருவதோ மூன்றாவது ஏழு. பிசகு. இரண்டு விரலையும் நீட்டிவிட்டு, 'நீ முதல் எழுத்தா?' என்று கேட்கிறது. ஆமாம் என்றதும் ஒரு விரலை மட்டும் மடக்குகிறது. ஆனால் கையில் உண்மையில் இருப்பது இரண்டு ஏழு அல்லவா? நடுவில் வந்ததும் கடைசியில் வந்ததும் சேர்ந்தால் அதுவே சரியான தொடக்கம்தானே? நடுவில் வந்த அந்த ஏழு என்ற எழுத்தைப் பெட்டி குப்பையில் போட்டுவிட்டது. பிறகு இரண்டு வந்தாலும் ஐந்து வந்தாலும் அதற்கு எல்லாம் தப்பு. பட்டறையில் அவள் சோதித்த எண்கள் எல்லாம் மூன்று எட்டு ஒன்று ஆறு என்கிற மாதிரி. அவற்றுக்கு முன்னால் ஒரு தட்டுத் தட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஒரே எண் இரட்டையாகத் தொடங்கினால்தான் இந்தக் கோளாறு. தன் முதுகைத் தட்டிக்கொண்ட அதே வரியில்தான் அது உட்கார்ந்திருந்தது.

அவர் சரியாகத்தான் அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு மத்தியானமும். சரியான எண்ணை வேண்டாம் என்று பெட்டி திருப்பித் திருப்பிச் சொன்ன பிறகுதான் அந்த மனிதர் மற்ற எண்களைத் தேடிப் போயிருக்கிறார். அந்தத் தேடலை மட்டும்தான் அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். நடுத்தெருவில் நின்றபடி அவளுக்கு முகமெல்லாம் தீயாய் எரிந்தது. எதிர்வீட்டுக்காரம்மா முன்னால் தான் கத்தியது தன் காதிலேயே மறுபடி விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சரிசெய்ய ஒரு பொழுதுகூட ஆகவில்லை. கடைசியாக வந்த நாலு எழுத்தை எப்போதும் கையில் வைத்துக்கொள், புதிதாக ஒன்று வந்தால் ஆகப் பழையதை விட்டுவிடு, ஒவ்வொரு முறையும் அந்த நாலையும் ஒப்பிட்டுப் பார். இவ்வளவுதான் விஷயம். முதலாளியிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்போ வாய மூடிட்டு எல்லா எடத்துலயும் மாத்திடு. கேட்டா சர்வீஸ்னு சொல்லு."

வீட்டுப் பெட்டியையும் அப்படித்தான் மாற்றினாள். பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, சொந்த வீட்டில் திருடுகிறவள் மாதிரி. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாளைக் கடத்தினாள். தப்பு எங்கோ இருக்கும் என்று வாழ்ந்தவளுக்கு 'என் தப்பு' என்கிற சொல்லை வாய்க்குக் கொண்டுவரத் தெரியவில்லை.

அவள் சொல்வதற்குள் வேறொன்று நடந்தது. ஒரு மத்தியானம் கடைக்குப் போய் வந்த பெரியவருக்குக் கதவு ஒரே தடவையில் திறந்தது. மறுநாளும் திறந்தது. சாப்பிடும்போது அவர் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் தெரிந்தது.

"மாத்திர வேல செய்யுதும்மா. நம்பர் இப்போ டக்குனு வருது."

"நல்லவேள, நீ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன" என்றான் கணவன். "எனக்கெல்லாம் தோணியிருக்காது." நாத்தனார் போனில், பெற்ற பெண்கூட இப்படிப் பார்த்துக்கொள்ளமாட்டாள் என்று உருகினாள். பெரியவர் மாத்திரையை இப்போது பயபக்தியோடு விழுங்கினார். ஒரு வேளை தவறினால் பதறினார். தூக்கமும் உலர்ந்த வாயுமாக இன்னும் எத்தனை வருஷமோ விழுங்கப்போகிறார். அவள் திட்டு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பாராட்டு அவளைத் தோலுரித்து நிற்க வைத்தது.

மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. கணவன் கிளம்பிய பிறகும் காலை முழுக்கத் தள்ளிப்போட்டு, மத்தியானம்தான் பெரியவரின் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவர் கட்டிலில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்களுக்கு மறதி இல்ல. என் பெட்டிதான் தப்பு."

விரலை மடக்கியும் நீட்டியும் முழுவதையும் சொன்னாள். மருந்துக்கடை, அந்தத் தட்டு, மூன்றாவது ஏழு. எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று கண்டக்டர் சொல்லக் கேட்கிற டிரைவர் போல, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அப்போ குட்டிக்கு மூக்குல ரத்தம் வந்துச்சே, அன்னைக்கு?"

"அன்னைக்கும் சரியாத்தான் அழுத்தியிருப்பீங்க மாமா."

கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தார். அடுத்ததை எடுக்கவில்லை.

"தாத்தா சொன்னா நம்பாத, தாத்தா தல சரியில்லன்னு நானே அவகிட்ட சொல்லிவெச்சிருக்கேன்மா" என்றார். பிறகு, "உனக்கு எப்போ தெரியும் இது?"

"மாசம் ஆகப்போகுது."

"ம்."

அந்த ஒற்றை எழுத்துக்கு அவள் கூனிக் குறுகிப்போனாள். அவர் திட்டவில்லை. எழுந்து முகம் கழுவப் போனார். வரும்போது துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வேன்காரன இன்னைக்கு வர வேணாம்னு சொல்லிடு. நான் போயி கூட்டிட்டு வரேன்."

எல்லாவற்றையும் சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. டாக்டரிடம் போய்வந்த மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய், குழந்தையின் தாத்தா வந்து கேட்டால் அனுப்பாதீர்கள், அவருக்கு மூளை சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒருவேளை பழக்கதோஷத்தில் கிளம்பிப் போய்விட்டால் என்ற பயம். இவ்வளவு சொன்ன பிறகு இதையுமா சொல்வது, காதும் காதும் வைத்த மாதிரி ஒரு போனில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். சமையலறைக்குப் போய்ப் பள்ளிக்கூட எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் அதற்குள் இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்துவிட்டார்.

"மாமா, நானும் வரேன்."

"வா. ஆனா பின்னால வா. நான் வழி தப்பினா மட்டும் பேசு."

முன்னால் அவர், பின்னால் அவள். தலை வாரி, விறைப்பாக, சாலையின் ஓரம் பார்த்து அவர் நடந்தார். அவள் வழியெல்லாம் போனை அமுக்கிக்கொண்டே போனாள்.

பள்ளி விடும் நேரம். வாசலில் அம்மாக்களும் அப்பாக்களும் கூட்டமாக நின்றார்கள். பெரியவர் எல்லாரையும் தாண்டி நேராகக் காவலாளியிடம் போனார். இருவரும் பழைய சிநேகிதர்கள்.

"என்னப்பா, நல்லா இருக்கியா? எங்க குட்டிய அனுப்பு."

காவலாளியின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. கம்பிக் கதவின்மேல் கையை வைத்தபடி தயங்கினார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட மட்டும் கொழந்தைய அனுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு?"

காவலாளி பெயர் சொல்லவில்லை. அவர் தோளுக்கு மேலே, பின்னால் நின்றவளைப் பார்த்தார். பெரியவர் மெதுவாகத் திரும்பினார்.

"நான்தான் மாமா" என்றாள் பூட்டுக்காரி. "டாக்டர்கிட்ட போயிட்டு வந்த மறுநாளே வந்து சொல்லிட்டேன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானா விட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன்மா" என்றார்.

பூமி பிளந்து விழுங்கிக்கொள்ளாதா என்று இருந்தது அவளுக்கு. எப்போதும்போல அது பிளக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு காவலாளியிடம் போனாள். யார் காதில் விழுந்தால் என்ன என்று, தன் வழக்கமான பெரிய குரலிலேயே சொன்னாள்.

"அண்ணே, இவருக்கு எந்த மறதியும் இல்ல. நான் செஞ்ச பெட்டி தப்பு, நான் சொன்னது தப்பு. இனிமே இவர் வந்தா அனுப்புங்க."

காவலாளி உள்ளே ஆள் அனுப்பி டீச்சரை வரவழைத்தார். டீச்சர், "அன்னைக்கு அவ்வளவு உறுதியா சொன்னீங்களேம்மா" என்று கேட்டாள். அதற்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. உறுதியாகச் சொன்னேன், தப்பாகச் சொன்னேன் என்று மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பக்கத்தில் நின்ற அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பெரியவர் கம்பிக் கதவுக்கு அப்பால் பார்த்தபடி நின்றார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பதையே காட்டிக்கொள்ளவில்லை.

குட்டி ஓடிவந்தாள். தாத்தாவையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, எந்தக் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றாள். "தாத்தா கையப் புடிச்சுக்கோ" என்றாள் பூட்டுக்காரி. பையை இவள் வாங்கிக்கொண்டாள். வீடு வரைக்கும் குட்டிதான் பேசினாள். அவர் ம் கொட்டிக்கொண்டே நடந்தார். சாலையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, போதாதென்று மறுபடி ஒருமுறை பார்த்த பிறகே குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடந்தார். முன்பெல்லாம் அவர் அப்படி இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

வீட்டு வாசல் வந்தது. எண் பலகைக்கு முன்னால் வந்ததும் அவர் ஒதுங்கி நின்றார்.

"நீங்க தெறங்க மாமா" என்றாள்.

"நம்பர் எனக்கு ஞாபகம் இருக்கு. நீயே தெற."

அவள் அழுத்தினாள். கதவு திறந்தது. அவர் குழந்தையை முன்னால் விட்டு, தன் வீட்டுக்குள் போனார்.